பேட்டரிக்குப் போர்த்திய கம்பளி

எனக்கு வாய்த்துடுக்கு அதிகம். பெருமாள்மலையில் கார் எலக்ட்ரீஷியன் கடை வைத்திருக்கும் இத்தனை வருடங்களில் அதனால் இரண்டு வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு போனதுண்டு. அதற்கு மேல் ஒன்றும் ஆனதில்லை. அதனால் நானும் திருந்தவில்லை.

மேல்மலையில் பூண்டு போடுகிற விவசாயி ஒருவர் பழைய ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கியிருந்தார். பெட்ரோல் இன்ஜினோடு பின்சீட்டுக்கு அடியில் பெரிய பேட்டரியும் உள்ள வண்டி. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று ஒரு சனிக்கிழமை கொண்டுவந்தார். சீசன் நேரம். கடைக்கு முன்னால் ஆறு டூரிஸ்ட் வண்டிகள் நின்றன. ஸ்கேனரைச் சொருகினேன். பேட்டரிக்குள் போகும் காற்றின் வெப்பத்தை அளக்கிற சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்று வந்தது. அளவு மைனஸ் நாற்பது டிகிரி.

எங்காவது ஒயர் அறுந்திருந்தால் அப்படித்தான் காட்டும். சென்சாரிலிருந்து பதில் வராதபோது வண்டியின் கம்ப்யூட்டர் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரிய நியாயமில்லை.

"என்னண்ணே காட்டுது?" என்று கேட்டார்.

"பேட்டரிக்குக் குளிரெடுக்குதாம். ஒரு கம்பளியப் போத்தி விடுங்க" என்றேன். சிரிக்காமல் சொன்னேன், அதுதான் என் பாணி. "ஒயரு எங்கயோ விட்டுருக்கு. கூட்டம் கொறையட்டும், செவ்வாக்கெழம வாங்க, பாப்போம்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் அடுத்த வண்டிக்குத் திரும்பினேன். ஸ்கேனரில் அந்த ஒரு வரிக்குக் கீழே, பேட்டரியின் உள்ளே இருக்கும் மற்ற மூன்று சென்சார்களின் அளவுகளும் இருந்தன. நான் பார்க்கவில்லை.

திங்கள்கிழமையே வந்துவிட்டார். மனைவியும் ஒன்பது மாதக் குழந்தையும் உடன் இருந்தார்கள். பழனியில் குழந்தைக்கு முதல் மொட்டை. தாய்மாமன் பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடியில் காத்திருக்கிறார்.

"வெள்ளனே கெளம்பிட்டோம்ணே. கொடைக்கானலத் தாண்டி எறக்கத்துல வர்றப்ப இன்னொரு லைட்டும் எரியுது. வெரசாப் பாத்து விடுங்க, பதினோரு மணிக்குள்ள முடி எறக்கணும்."

ஸ்கேனரைப் போட்டேன். முதல் வரியில் அதே மைனஸ் நாற்பது. இந்த முறை விரலைக் கீழே நகர்த்தினேன். ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று. அறுபது.

நம்பாமல் ஸ்கேனரைக் கழற்றி மறுபடி சொருகினேன். அறுபத்திரண்டு என்றது. பின்கதவைத் திறந்தேன். சீட்டின் கீழ்ப்பக்கம், பேட்டரிக்குக் காற்று போகிற வலைக்கண் முழுக்க ஒரு கம்பளியை இறுக்கி அடைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் சாக்கை மடித்து மடித்துத் திணித்திருந்தார்கள். அதன் மேலே, சீட்டில், குழந்தை நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"பிள்ளையத் தூக்கும்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. அம்மா வாரி எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான் கம்பளியைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். அது சூடாக இருந்தது.

"எதுக்குய்யா இத அடைச்சீங்க?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நீங்கதான்ணே குளிரெடுக்குதுன்னீங்க. பனி நேரத்துல கன்னுக்குட்டிக்குச் சாக்கு போத்துவோம்ல, அது மாதிரிதான். அந்த ஓட்ட வழியாத்தான் குளுந்த காத்து உள்ள போச்சு. நல்லா அடைச்சு விட்டேன்." பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: "பாப்பாவுக்கும் சீட்டு கதகதன்னு இருந்துச்சு. வழியெல்லாம் அழுவவே இல்ல."

இறக்கத்தில் பிரேக் போடப் போட அந்த பேட்டரி சார்ஜ் ஏறிச் சூடாகும். சூட்டை ஆற்றுவதற்கு, அவர் அடைத்த அந்த ஒரு வழிதான். பழனி ரோட்டில் இன்னும் எத்தனை வளைவு இறங்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன். டிராயரில் கையுறை எங்கே வைத்தேன் என்பதே நினைவுக்கு வரவில்லை.

நான்கு கதவையும் திறந்துவைத்து, சூடு நாற்பதுக்குக் கீழே இறங்கும் வரை காத்திருந்தேன். பேட்டரியின் மெயின் பிளக்கை உருவி வைத்துவிட்டு சீட்டைத் தூக்கினேன். சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, ஒயர் பக்கத்து இரண்டு முனைகளையும் சிறு கம்பியால் இணைத்தேன். மைனஸ் நாற்பது ஒரே தாவலில் உச்சச் சூட்டுக்கு ஏறியது. ஆக, கம்ப்யூட்டரும் அங்கிருந்து வருகிற ஒயரும் சரி. கோளாறு சென்சார் பக்கம். மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். சென்சாரின் கழுத்தில், மேலுறை முழுசாக இருக்க, உள்ளே செம்புக்கம்பி அறுந்து கிடந்தது. பூண்டு மூட்டையை இழுத்து ஏற்றியதில் மாட்டியிருக்க வேண்டும். உறையைச் சீவி, கம்பியை ஈயத்தால் பற்றவைத்தேன். அளவு பதினெட்டு என்றது. சென்சாரை உள்ளங்கையில் பொத்தினேன், முப்பதைத் தொட்டது. இருபது நிமிட வேலை. சனிக்கிழமையே முடித்திருக்கலாம்.

சீட்டை மாட்டிய பிறகு இருவரிடமும் சொன்னேன். "கம்பளி போத்தச் சொன்னது வெளையாட்டுக்கு. தப்பு என் மேலதான். தீப் பிடிச்சிருக்கும்."

அவர் ஒன்றும் புரியாதவர் போல நின்றார். "பரவால்லண்ணே" என்றார், பழக்கத்தில் வாய் சொன்னது.

அவர் மனைவி அப்படிச் சொல்லவில்லை. குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கணவனிடம் பேசினாள். "இவுக மொதல்ல பின்னாடி உக்காந்து வரட்டும். இந்த எறக்கத்துல நல்ல தூரம் போய்த் திரும்பட்டும். அப்புறம் நான் பிள்ளைய ஏத்துறேன்."

"ஏம்மா, நேரமாவுதுல்ல" என்றார் அவர்.

"ஆவட்டும்."

ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினேன். அவர் பழனி ரோட்டில் ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் அவர் பிரேக் மிதிக்க, நான் எண்களைப் பார்த்தேன். முப்பத்தாறு, முப்பத்தேழு. எல்லாம் சரி என்று எனக்குத் தெரியும். இருந்தும் என் கை சீட்டை விட்டு நகரவில்லை. கணிசமான தூரம் இறங்கித் திரும்பி ஏறி வந்தபோது மணி பத்தேகால். இனி பதினோரு மணிக்குள் பழனி போய்ச் சேர வழியில்லை.

அவள் கடை வாசலிலேயே நின்றிருந்தாள். நான் இறங்கியதும் குனிந்து சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். நான் உட்கார்ந்திருந்த இடத்தையும் தொட்டாள், பக்கத்து இடத்தையும் தொட்டாள். பிறகு ஏறிக்கொண்டாள். குழந்தை மறுபடி தூங்கியிருந்தது. பக்கத்தில் சீட்டு முழுதும் காலியாக இருந்தும், அவள் குழந்தையை மடியிலிருந்து இறக்கிக் கிடத்தவில்லை.