மூக்கத்தை ஊற்றிய எலுமிச்சை ஐசிங்

மூக்கு அத்தையைச் சுருக்கி ‘மூக்கத்தை’ என்று சொந்தக்காரர்கள் அத்தையை முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். நேரில் சொல்ல யாருக்குத் தைரியம்? எந்த வீட்டுக் கேக்காக இருந்தாலும் குனிந்து முகர்ந்து அத்தை உதட்டைச் சுழித்தால் போதும், அந்தக் கேக்கின் கதை முடிந்தது.

“சர்க்கரையில பாலைக் கரைச்சு ஊத்திட்டு ஐசிங்காம்! சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பே இதைவிட மணக்கும்” என்பார்.

அவருடைய வழி வேறு. பொடித்த சர்க்கரையைச் சலித்து, பால் விட்டுக் குழைத்து, எசன்ஸைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் முகர்வார். மூடியால் அளப்பவர்களைக் கண்டாலே இளக்காரம். பாட்டில்களில் லேபிள் அழிந்துபோனதைக்கூட அவர் பொருட்படுத்தியதில்லை. முகர்ந்தே எடுப்பவருக்கு லேபிள் எதற்கு?

போன மழைக்காலத்துக் காய்ச்சல் அந்த மூக்கைக் கொண்டுபோய்விட்டது. காப்பியும் வெந்நீரும் ஒன்றாயின. அத்தை யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் மறுநாளே விசேஷத்துக் கேக்கைக் கடையில் வாங்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் இந்தக் குடும்பத்தில் தன்னை யார் மதிப்பார்கள்? வழக்கம்போல முகர்ந்தார், தலையாட்டினார், ஊற்றினார்.

அத்தையின் நாத்தனார் மகனின் பிறந்தநாள் வந்தது. எலுமிச்சை ஐசிங் என்று அறிவித்தாகிவிட்டது. முதல் துண்டை வாயில் போட்ட நாத்தனார் கணவர் முழித்தார்.

“என்னக்கா, பல் தேய்ச்ச மாதிரி இருக்கு?”

எலுமிச்சைக்குப் பதில் விழுந்திருந்தது பெப்பர்மின்ட் எசன்ஸ்!

“இதுதான் இப்போ புதுசு. உங்க நாக்குக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது?” என்றார் அத்தை, கண்ணிமைக்காமல்.

அவ்வளவுதான். “ஆமாமா, தனி ருசி” என்று ஆளாளுக்கு ஜால்ரா தட்டினார்கள். கண்ணில் நீர் முட்ட விழுங்கிக்கொண்டே ஒருத்தி செய்முறை கேட்டாள். முதுகெலும்பில்லாத கூட்டம்!

அத்தையின் மருமகள் மட்டும் தன் துண்டை முகர்ந்துவிட்டு அத்தையையே பார்த்தாள். வீடு திரும்பியதும் சமையலறையில் ஒரு பாட்டிலை நீட்டினாள்.

“அத்தை, இது ரோஜாவா, வெனிலாவா?”

அத்தை நீளமாக இழுத்து முகர்ந்தார். “ரோஜா. மட்டமான சரக்கு.”

“தண்ணி அத்தை. குழாய்த் தண்ணி.”

அத்தை சண்டைக்கு நிமிர்ந்தார். மருமகள் சிரித்திருந்தாலாவது திட்டியிருக்கலாம். அவள் சிரிக்கவில்லை.

“இனிமே நான் மோந்து சொல்றேன், நீங்க ஊத்துங்க. வெளியில யாருக்கும் தெரிய வேணாம்.”

“நீயா? பால் தீஞ்சாக்கூடத் தெரியாத மூக்கு உனக்கு!” என்றார் அத்தை. சொல்லிக்கொண்டே பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.