பிடியரிசிக் கலயம்

கே.கே. நகர் வீட்டில் இன்று அரிசி மூட்டையைப் பிரித்ததும் எழுந்த தவிட்டு மணம், இப்போது பைக்குகள் நிறுத்தும் இடமாகிவிட்ட எங்கள் பழைய லைன் வீட்டின் இருட்டு அடுப்படிக்குள் என்னைத் தள்ளிவிட்டது.

அங்கே புகையேறிய பலகையில் ஒரு மண்கலயம் இருக்கும். ஒவ்வொரு வேளையும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை அதில் போட்டு, கண்மூடி உதடசைத்துவிட்டுத்தான் அம்மா மிச்சத்தைக் களைவாள். சேர்ந்ததை ஞாயிறன்று, இல்லாதவர்களுக்கென்று, வேதக்கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவாள். மில் மூடி அப்பா நோயில் விழுந்து, சோறு கஞ்சியாகி, கஞ்சி நீராகத் தெளிந்த நாட்களிலும் அந்தப் பிடி சிறுக்கவில்லை.

"புள்ளைக பசியில கெடக்கு, அதை எடுத்து ஒலையில போடு!" என்று அப்பா இருமலுக்கிடையே கத்துவார்.

"அது நம்ம அரிசி இல்லங்க" என்பாள் அம்மா. எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வரும்.

அப்பாவை அடக்கம் செய்த மறுநாள், சபைப் பெண்கள் எல்லா வீட்டுக் கலயங்களிலும் சேர்ந்த அரிசியை எங்களுக்குக் கொண்டுவந்தார்கள். குண்டரிசியும் குருணையும் பழுப்பும் வெள்ளையுமாக ஒரு பை.

"அழாத மதினி, புள்ளைகளுக்குப் பொங்கிப் போடு" என்றாள் ஒருத்தி.

அவர்கள் போனதும் அம்மா அதை முறத்தில் கொட்டினாள். நாங்கள் பசியோடு பார்த்திருக்க, முதல் பிடியை அள்ளிக் கலயத்தில் போட்டாள். இம்முறை கத்துவதற்கு வீட்டில் ஆள் இல்லை.