பாக்கியம் அக்காவின் முன் சீட்

செல்லையா அண்ணன் போய்விட்டார். நானுஓயா ஸ்டேஷனில் வேன் ஓட்டிக்கொண்டிருந்த நம் செல்லையா அண்ணன்தான்… ஞாயிற்றுக்கிழமை காலை வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

"ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று போட்டு, கை கூப்பிய படத்தை ஒட்டிவிட்டுப் போகத்தான் போனை எடுத்தேன். முடியவில்லை. அவ்வளவு கோபம்.

தேயிலைத் தோட்டத்துத் திருவிழா முடிந்ததும் வருடா வருடம் எங்கள் லயத்து வரிசை வீட்டு ஆட்களைத் திருகோணமலைக்கு டூர் கூட்டிப் போவது அவர்தான். இங்கே பாதிப் பேர் முதன்முதலில் கடலைப் பார்த்தது அந்த வேனில்.

அதில் அவருக்கு ஒரு சட்டம். கடல் பார்க்காத ஆளுக்குத்தான் முன் சீட். தோட்டத்துத் துரையே வந்தாலும் பின்னால்தான்.

நான் கல்யாணமாகி வந்த வருடம் அந்த சீட் எனக்கு. கடல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ரேடியோவை நிறுத்தினார். "இப்ப யாரும் பேசாதீங்க. புதுசா பாக்குறவங்க பாக்கட்டும்."

வளைவு திரும்பியதும் கண்ணாடி முழுக்க நீலம்… கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கோயிலுக்குப் போவதற்கு முன்னாலேயே சாமியைப் பார்த்துவிட்ட மாதிரி.

கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் மான்கள் வந்து கையில் இருப்பதைப் பிடுங்கும். ராவணன் வெட்டு என்கிற மலைப் பிளவில் எட்டிப் பார்த்தால் அடியில் கடல் நுரைக்கும். கன்னியா வெந்நீர் ஊற்றில் ஏழு கிணறு, ஏழு விதச் சூடு. அண்ணன் வாளியால் அள்ளி எங்கள் தலையில் ஊற்றுவார். "குளிர்லயே பொறந்து குளிர்லயே கெடக்குற ஆளுங்களா, நல்லா குளிங்க!"

இதில் ஒன்றையும் பார்க்காத ஒரு ஆள் அவர் வீட்டிலேயே இருந்தார். அவர் மனைவி பாக்கியம் அக்கா.

டூர் போகும் அத்தனை பேருக்கும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கட்டித் தருவது அக்கா. திரும்பி வந்ததும் வேனுக்குள் கிடக்கும் மணலைக் கூட்டி அள்ளுவதும் அக்கா. திருகோணமலையில் அவர் கண்டது அந்த மணல் மட்டும்தான்.

"அக்காவ எப்ப கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டால் அண்ணன் சிரிப்பார். "அவ எங்க ஓடிறப் போறா? அடுத்த வாட்டி."

இறந்தவரைத் திட்டக் கூடாது. முருகா, மன்னித்துக்கொள்… நான் திட்டுகிறேன். ஊருக்கெல்லாம் போட்ட சட்டம் உங்கள் வீட்டு வாசலில் மட்டும் ஏன் நின்றுபோனது அண்ணே?

சரி, அவர் போய்விட்டார். மிச்சம் இருப்பவர்கள்?

அஸ்தியைத் திருகோணமலைக் கடலில்தான் கரைக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லி வைத்திருந்தாராம். நாளைக் காலை வேன் கிளம்புகிறது. நேற்று அவர் தம்பி வாசலில் நின்று ஆள் சேர்த்தார். எல்லாம் ஆம்பிளைகள். முன் சீட் தம்பியின் மாமனாருக்காம்.

ஆள் சேர்த்து முடித்துவிட்டு உள்ளே பார்த்து ஒரு குரல். "அண்ணி, வேன்ல வாரவங்களுக்கு ரொட்டி மட்டும் சுட்டுக் கட்டிருங்க."

என் காதில் விழுந்தது. "ஏன், அக்கா வரலையா?" என்றேன்.

"புருசன் செத்த பொம்பள, கருமாதி முடியிறதுக்குள்ள படி தாண்டலாமா? எந்நேரமும் சாமி கும்பிடுற ஆளு நீங்க, ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். சாவு வீட்டுல அடுப்பு மூட்டக் கூடாதுன்னும் தெரியும். ரொட்டி கேக்குறப்ப அந்த சாஸ்திரம் எங்க போச்சு?"

பின்னால் ஒருவன் மெதுவாக, "அப்ப வெந்நீர் ஊத்துக்குப் போறதில்லையா?" என்கிறான்!

"அஸ்தி கரைக்கப் போறீங்களா, டூர் போறீங்களா?" என்று கத்திவிட்டேன். லயமே எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும்.

அப்போதுதான் அக்கா வெளியே வந்தார். சாவு விழுந்ததிலிருந்து அவர் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"தம்பி, ஒங்கண்ணன் எல்லாரையும் அவங்கவங்க வாசல்ல எறக்கி விட்டுட்டுத்தான் வீட்டுக்கு வருவாரு. அவர எறக்கி விட நான் போறேன். முன் சீட்ட விடுங்க."

தம்பி மாமனாரைப் பார்த்தார். "நான் பின்னால ஒக்காந்துக்கிறேன்" என்றார் மாமனார்.

நாளை நானும் போகிறேன், பின் சீட்டில். ரொட்டி கிடையாது. பசிக்கிறவர்கள் வழியில் தம்புள்ளைக் கடையில் சாப்பிடட்டும்.

அண்ணே… அக்கா மடியில்தான் வரப்போகிறீர்கள். அந்த வளைவுக்கு முன்னால் ரேடியோவை நிறுத்தச் சொல்லி வேன் ஓட்டுகிறவரிடம் சொல்லியிருக்கிறேன்.

போய் வாருங்கள்.