எல்லாம் கேட்கும் என்றேன்

அறுபத்து மூன்றாம் வருஷம், ஜூன் மாதம் முதல் வாரம். குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. நாங்கள் மூன்று பேர், பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. கணக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்கள், விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில் சினிமாப் படம் எடுக்கப் போனோம். சிரிக்காதீர்கள், நிஜமாகவே எடுத்தோம்.

மலேயாவிலிருந்து வந்த என் சித்தப்பா ஒரு சின்ன சினிமா கேமராவும், எடுத்த படத்தைச் சுவரில் போட்டுப் பார்க்க ஒரு மெஷினும் கொண்டுவந்திருந்தார். கேமரா சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. பக்கத்தில் ஒரு சாவி. கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோல் முறுக்கிவிட்டால் அரை நிமிஷம் ஓடும், பிறகு நின்றுவிடும், மறுபடி முறுக்க வேண்டும். ஒரு சுருளில் மொத்தம் நாலு நிமிஷப் படம்தான். அந்தச் சுருளைத் தபாலில் பம்பாய்க்கு அனுப்பினால் அங்கே கழுவித் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இவ்வளவும் சொல்லிக்கொடுத்த சித்தப்பா, கடைசியில் ஒன்றையும் சொன்னார். இதில் சத்தம் வராது, படம் மட்டும்தான் வரும்.

படம் வர ஒரு மாதம் ஆகும் என்பதையும், அந்தக் கடைசி விஷயத்தையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. தென்காசியிலேயே எங்கள் வீட்டில்தான் சினிமா கேமரா இருக்கிறது என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள், அது ஊமை என்று எந்த வாயால் சொல்வேன்? படம் வந்த பிறகு, பம்பாய்க்காரன் கெடுத்துவிட்டான் என்று அவன் தலையில் போட்டுவிடலாம் என்று யோசித்துக்கூட வைத்திருந்தேன். அந்த வயதில் எனக்கு மூளையைவிட வாய் பெரிது.

எங்களில் ஒருத்தி கதை எழுதுவாள். ஹாஸ்டலில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவள். இந்தப் படத்துக்கும் அவள்தான் கதை. நன்றாகப் படிக்கிற ஒரு பெண்ணைப் பாதியில் நிறுத்திக் கல்யாணம் பேசுகிறார்கள். அவள் அருவிக்கு முன்னால் நின்று ஊர் உலகத்திடம் நியாயம் கேட்கிறாள். ‘சமுதாயமே’ என்று ஆரம்பித்து ஒரு பக்கத்துக்கு வசனம் இருந்தது. கல்லூரி விழாவில் இதைப் போட்டுக் காட்டிச் சமுதாயத்தைத் திருத்திவிடுவது என்பது எங்கள் திட்டம்.

கதாநாயகி எங்களில் மூன்றாமவள். மேலகரத்துக்காரி. கணக்கில் வகுப்பிலேயே முதல். மேடை ஏறச் சொன்னால் காய்ச்சல் வந்து படுத்துக்கொள்கிறவள் அவள். அப்படிப்பட்டவள், “நான் நடிக்கேன்ட்டி” என்று தானாக முன்வந்தபோது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியப்பட்டோமே தவிர, ஏன் என்று கேட்கவில்லை. அவளுடைய அக்கா பங்குனி மாதம் பிரசவத்தில் இறந்துபோனதும், இரண்டு சின்னக் குழந்தைகள் நிற்பதும் எங்களுக்குத் தெரியும். துக்கம் கேட்கப் போனவர்கள்தான் நாங்களும். கதையில் வருகிற பெண்ணுக்காக மூக்கைச் சிந்திய எங்களுக்கு, பக்கத்தில் இருக்கிறவளைப் பற்றி அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

என் அப்பா தென்காசியில் வக்கீல். மேலகரத்துக்காரி வீட்டு வயல் வழக்கைப் பல வருஷம் நடத்தி ஜெயித்துக் கொடுத்தவர். அந்த வீட்டில் அப்பாவின் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் குதிரை வண்டி பிடித்துப் போனோம். மேலகரத்துக்காரியின் அம்மாவும் கூடவே வந்தார். வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்புகிற காலம் இல்லைதான். ஆனாலும் அந்த அம்மா அன்றைக்கு வழக்கத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டே இருந்தார். வண்டியில் எனக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்தார். அவள் சேலை மாற்றப் போனால் பின்னாலேயே போனார். மூத்தவளைப் பறிகொடுத்த தாய், இருக்கிறவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்து எனக்கு மனசு இளகிவிட்டது.

மரத்தடி நிழலில் உட்கார்ந்து நான் சுருளை மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா தூக்குவாளியைத் திறந்து எலுமிச்சம்பழச் சோற்றை இலையில் வைக்கிற நேரம் பார்த்து அவள் என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“ஏட்டி, இதுல பேசுனா கேக்குமா?”

“எல்லாம் கேக்கும்.”

“அருவிச் சத்தத்துலயுமா?”

“சீமைச் சாமான்ட்டி இது. நீ முணுமுணுத்தாக்கூட புடிச்சிரும்.”

“எப்பம் போட்டுப் பாப்ப?”

“நாளைக்கே பாத்துரலாம்.”

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன். சுருளின் நுனி மாட்டாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது, எனக்கு அந்தக் கவலை. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பேரருவிக்கு எதிரே ஒரு பாறையில் அவளை நிறுத்தினோம். நான் பத்தடி தள்ளிக் கேமராவோடு நின்றேன். கதை எழுதியவள் வசனக் காகிதத்தோடு என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அம்மா ஈரம் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. கேமராக் கண்ணாடியில் சாரல் படியப் படியச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுக் கையைக் காட்டினேன்.

அவள் பேச ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. நடுவில் ஒரு தடவை அம்மா இருந்த பக்கம் கண்ணை ஓட்டிவிட்டுத் திரும்பினாள். ஆள்காட்டி விரலை நீட்டி ‘ஒன்று’ என்று காட்டினாள். அதன் பிறகு அழுதாள். அழுதுகொண்டே இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டாள்.

இவளுக்குள் இத்தனை நடிப்பா என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. “அப்படித்தான், அப்படித்தான்” என்று கத்திக்கொண்டே தலையைப் பலமாக ஆட்டினேன்.

சாவி தீர்ந்து கேமரா நின்றுவிட்டது. அவள் பேசுவதை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை, அழுகை போய்விட்டால் திரும்ப வராதே என்று அவசர அவசரமாகச் சாவியை முறுக்கினேன். முறுக்கி முடிப்பதற்குள் அம்மா எழுந்து வந்து, “போதும் வாட்டி, ஈரத்துல நின்னு சளி புடிச்சிரப் போவுது” என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கதை எழுதியவளுக்கு ஏக வருத்தம். “நான் எழுதுனதுல கும்புடுததே கெடையாது. இவளா என்னத்தையோ சேத்துக்கிட்டா” என்று முணுமுணுத்தாள். நல்லாத்தானே இருந்தது என்று நான் சமாதானம் சொன்னேன்.

கல்லூரி திறந்தது. அவள் வரவில்லை. அவளுக்குப் பதிலாகக் கல்யாணப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் வீரகேரளம்புதூர். வேறு யாருமில்லை, இறந்துபோன அக்காவின் புருஷன்தான். ஆனி மாதத்திலேயே முகூர்த்தம் வைத்திருந்தார்கள். ஹாஸ்டலிலிருந்து எங்களைக் கல்யாணத்துக்கு விடவில்லை. இரண்டு பேருமாகத் தபால் ஆபீசுக்குப் போய் வாழ்த்துத் தந்தி கொடுத்துவிட்டு வந்தோம். எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அதில் பாதி, படத்துக்குக் கதாநாயகி போய்விட்டாளே என்ற வருத்தம். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

ஆடி மாதம் பம்பாயிலிருந்து சுருள் வந்திருப்பதாக வீட்டிலிருந்து கடிதம் வந்தது. அந்தச் சனிக்கிழமை நானும் கதை எழுதியவளும் ஊருக்கு ஓடினோம். மத்தியானம் ஜன்னல்களையெல்லாம் சாத்தி, அப்பாவின் வேட்டியைச் சுவரில் கட்டி மெஷினை ஓட்டினேன். என் அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். முதலில் குதிரை வண்டி வந்தது. பிறகு குரங்குகள், எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிற ஆட்கள். அதன் பிறகு அவள் வந்தாள். அருவி சத்தமில்லாமல் விழுந்தது. அவள் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

“சத்தம் எங்கட்டி?” என்றாள் கதை எழுதியவள். பம்பாய்க்காரன் பொய்யைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“ஏட்டி, இது அந்த மேலகரத்துப் புள்ளயல்லா? இவ நடிக்கலட்டி. உன்னயல்லா கூப்புடுதா. வாயப் பாரு.”

மறுபடி ஓட்டினேன். முதல் சொல் என் பெயர். அவள் வாயால் எத்தனை தடவை கேட்ட பெயர், எனக்குத் தெரியாதா? இன்னோர் இடத்தில் இரண்டு உதடும் ஒட்டிப் பிரிந்தன. ‘அப்பா’ என்கிறாளோ என்று தோன்றியது. மற்றது எதுவும் பிடிபடவில்லை. ஆறேழு தடவை போட்டுப் பார்த்தோம். ஒன்று என்று ஒரு விரல், ஒரு கும்பிடு, பிறகு வெறும் வேட்டி.

மறுநாள் அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வீரகேரளம்புதூருக்கு பஸ் ஏறினேன். அம்மா முன்கட்டில் அவளுடைய மாமியாரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படிக்குப் போனேன். கைக்குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. மூத்தது அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் எனக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு அருவிகிட்ட என்னட்டி சொன்ன?” என்று கேட்டேன்.

திரும்பிப் பார்த்தாள். “ஏன், கேக்கலியா?”

எல்லாவற்றையும் சொன்னேன். அதில் சத்தம் வராது என்பதை, அது எனக்கு முதலிலேயே தெரியும் என்பதை, படத்தை நேற்றுத்தான் பார்த்தேன் என்பதை. அவள் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“அப்பம் நான் அருவிகிட்டயா பேசிட்டு வந்தேன்?” என்றாள்.

பிறகு, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். “கல்யாணமே வேண்டாம்னு நான் சொல்லலட்டி. ரெண்டும் எங்க அக்கா புள்ளையல்லா, நான் பாக்காம யாரு பாப்பா? ஒரு வருஷம், பரீச்சை எழுதுத வரைக்கும் பொறுத்துக்கிடச் சொல்லி உங்க அப்பாவ எங்க அப்பாகிட்ட பேசச் சொல்லுன்னு சொன்னேன். வெள்ளிக்கிழமை நிச்சயம், அதுக்குள்ள வரச் சொல்லுன்னு சொன்னேன். ஒங்கிட்ட நேர்ல அழுதா எங்க அம்மைக்குத் தெரிஞ்சிரும். அந்த மெஷினுக்கு முன்னால அழுதா நடிப்புன்னு விட்டுருவாள்லா. நீயும் தலைய ஆட்டுன.”

காப்பியில் சர்க்கரையைப் போட்டுவிட்டு மேலே சொன்னாள்.

“வெத்தல பாக்கு மாத்துத வரைக்கும் வாசலயே பாத்துக்கிட்டு இருந்தேன். உங்க அப்பா கல்யாணத்துக்குத்தான் வந்தாவ. ஒன் தந்தியும் வந்துச்சு. சரி, எல்லாத்தையும் கேட்டுட்டு, ஒனக்கும் இதுதான் நல்லதுன்னு பட்டிருக்குபோலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். “அழாதட்டி, அத்தை பாத்துருவாவ” என்று என் கையில் காப்பியைக் கொடுத்தாள். புறப்படும்போது ஒன்றே ஒன்று கேட்டாள், அந்தப் படத்தை யாருக்கும் காட்டிவிடாதே, சினிமாவில் ஆடினவள் என்று சொல்லிவிடுவார்கள் என்று. அதை மட்டும் இன்றுவரை காப்பாற்றியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அப்பா கண்ணாடியைக் கழற்றினார். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருப்பேனே. எனக்காக ஒரு வருஷம் பொறுத்திருப்பாரே அவரு” என்றார். அவர் சொன்னது உண்மை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அவள் அந்த வீட்டிலேயே இருந்தாள். அக்கா பிள்ளைகளை வளர்த்தாள், தானும் மூன்று பெற்றாள். எப்போதாவது கல்யாண வீடுகளில் பார்த்துக்கொள்வோம். பிள்ளைகளைப் பற்றிப் பேசுவாள், விலைவாசி பற்றிப் பேசுவாள், கணக்கைப் பற்றிப் பேசவே மாட்டாள். அடுத்த வருஷம் பரீட்சை முடிவு வந்தபோது கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள் நான். எல்லாரும் பாராட்டினார்கள், பரிசு கொடுத்தார்கள். அந்த இடம் யாருடையது என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் திருப்பிக் கொடுக்க ஒரு வழியும் தெரியாமலே எனக்கு வயதாகிவிட்டது.