கட் சொல்லாத ஷாட்

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் என் மச்சானின் வலது கையைப் பார்க்கலாம். இன்றும் தூக்கத்தில் அது வால்வை மூடிக்கொண்டே இருக்கிறது.

பழைய சினிமா ஸ்டுடியோவை டிக்கெட் போட்டுச் சுற்றிக்காட்டும் இடத்தில் அவனுக்கு வேலை. 'எரியும் வீடு' அவன் பொறுப்பு. கண்ணாடிக் கூண்டுக்குள் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பான். "ஆக்ஷன்" என்று கேட்டால் வால்வைத் திறப்பான். வீட்டைச் சுற்றிக் கேஸ் தீ எழும். "கட்" என்றால் மூடுவான். கூட்டம் கைதட்டும்.

அந்த வீட்டில் முன்பு படப்பிடிப்பில் ஒரு ஸ்டண்ட்காரர் நிஜமாகவே எரிந்து செத்துப்போனார். அதைச் சொல்லித்தான் முதலாளி கூட்டம் சேர்த்தார். அந்தப் படத்தின் டைரக்டரும் அவரே.

"நான் கட் சொன்னேங்க. நடிப்புல மூழ்கிட்டான், காதுல வாங்கல!" என்பார். கூட்டம் சிரிக்கும்.

அன்று பட்டப்பகல். முதலாளி நல்ல குஷியில் இருந்தார். செத்தவரின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு தானே வீட்டுக்குள் போனார்.

"சார், அது வேணாமே..." என்றான் மச்சான் மைக்கில்.

"பயந்தாங்கொள்ளி! ஆக்ஷன் நான் சொல்றேன். அதுவரைக்கும் தூங்கிடாத."

முதலாளி வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஹெட்போனில் ஒரு கரகரத்த குரல்...

"ஆக்ஷன்."

பழகிய கை வால்வைத் திறந்துவிட்டது.

முதலாளி திடுக்கிட்டார். பிறகு சமாளித்துக்கொண்டு கைகளை விரித்து நடித்தார். "போதும். கட்!"

மச்சான் மூடினான்.

தீ அடங்கவில்லை.

இறுக்கினான். அதற்குமேல் வால்வு திரும்பவில்லை. தீ இன்னும் உயர்ந்தது.

"கட்! டேய், கட் பண்ணுடா!"

கூட்டம் விசிலடித்தது. என்ன நடிப்பு!

ஹெட்போனில் ஒரு மூச்சு... பிறகு, அவசரமே இல்லாமல்:

"ஷாட் நல்லா வருது. விடு."

கோட்டு பற்றிக்கொண்டது. மச்சான் ஓடிப்போய்க் கதவை இழுத்தான். வரவில்லை. உதைத்தான். வரவில்லை. உள்ளே அலறல்...

அலறல் நின்றது.

கழுத்தில் தொங்கிய ஹெட்போனிலிருந்து ஒரே ஒரு சொல்.

"கட்."

தீ அணைந்தது. கதவு தானாகத் திறந்தது.

வால்வு சரியாக மூடியிருந்ததால் விசாரணையில் மச்சானை விட்டுவிட்டார்கள். ஸ்டண்ட்காரர் செத்த அந்தப் பழைய படப்பிடிப்பில் இருந்த லைட்மேனை, முதலாளியின் சாவு வீட்டில் பிடித்துக் கேட்டான்.

"அண்ணே, ஸ்டண்ட்காரர் எரிஞ்ச அன்னைக்கு முதலாளி கட் சொன்னாரா?"

"எங்க சொன்னாரு? நாங்க எல்லாரும் கத்துறோம். மனுஷன் கேமராவ விட்டுக் கண்ண எடுக்கல. 'ஷாட் நல்லா வருது, விடு'ன்னாரு."

ஹெட்போனில் கேட்டதை மச்சான் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.