கட்டுமரம் ஏற்ற ஒரு வண்டி

பழைய வண்டி புரோக்கரிடம் யாரும் தனியாக வருவதில்லை. வீட்டுச் சண்டையையும் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள். இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுபதுகளில், கும்மிடிப்பூண்டியில் ஃபாக்டரிகள் வரத் தொடங்கிய புதிதில், நெடுஞ்சாலையோரம் எனக்கு ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. கம்பெனிகள் கழித்துவிட்ட வண்டிகளைத் தேடிப் பிடித்து விற்றுக் கொடுப்பேன்.

பெஞ்சின் இரண்டு கோடி

பழவேற்காட்டுப் பக்கமிருந்து மூன்று பேர் வந்தார்கள். தனம், அவள் புருஷன் ராஜவேலு, அவள் அண்ணன் எட்டியப்பன். முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. கட்டுமரத்தையும் வலையையும் வேறு கரைக்குக் கொண்டுபோய்க் கடலில் இறக்கினால்தான் பிழைப்பு. அதற்கு ஒரு வண்டி வேண்டும்.

ஆண்கள் இருவரும் பெஞ்சின் இரண்டு கோடியில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெரிய வலை ஒன்று கிழிந்து போனதாம். யார் தப்பு என்பதில் பேச்சு நின்றுவிட்டது. ஆனால் தொழிலுக்குப் போவது ஒரே கட்டுமரத்தில். “அப்போ கடல்ல எப்படிம்மா?” என்று கேட்டேன்.

தனம் சலித்துக்கொண்டாள். “துடுப்பால மரத்தைத் தட்டுவாங்கண்ணா. ஒரு தட்டுன்னா வலையை இழு, ரெண்டு தட்டுன்னா ஊட்டுக்குப் போலாம்.”

மூன்று சக்கரம்

முதலில் மூன்று சக்கர டெம்போ ஒன்றைக் காட்டினேன். அவர்கள் விவரமானவர்கள். மறுநாள் கட்டுமரத்தையே மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். ராஜவேலு மணல் லாரி ஓட்டியவர், சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நாலைந்து பேராய் மரத்தைப் பின்னால் ஏற்றினோம். பாதி மரம் வெளியே நீட்டிக்கொண்டது. அடுத்த கணம் முன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியது. ராஜவேலு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்தரத்தில் மல்லாந்து கிடந்தார்.

எட்டியப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தார். “அந்தாளாண்ட சொல்லுங்க, அப்டியே இன்னும் கொஞ்சம் மேல போனா பெரியபாளையத்தம்மா கோயிலு தெரியும்னு.”

சிவப்பு வண்டி

ஜீப்பையும் பார்த்தார்கள், வேனையும் பார்த்தார்கள். எதிலும் மரம் அடங்கவில்லை. ஒரு மாதம் அலைந்து கடைசியில் ஃபாக்டரி ஒன்று ஏலம் விட்ட பழைய தீயணைப்பு வண்டியைப் பிடித்தேன். தண்ணீர் டாங்கைக் கழற்றியிருந்தார்கள். மேலே ஏணி வைக்கிற சட்டம் அப்படியே இருந்தது. அதில் கட்டுமரம் அளவெடுத்தது மாதிரி உட்கார்ந்தது. ஓட்டிப் பார்க்கலாமென்று கடைத்தெருப் பக்கம் போனால், நெருப்பை வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே சைக்கிளில் துரத்தி வந்தது. திரும்பி வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

தனம் அதையெல்லாம் கவனிக்கவில்லை. வண்டியின் பக்கவாட்டுப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. “இதுல வலை, இதுல கயிறு, இதுல மீன் கூடை. மிச்சம் ரெண்டு பொட்டியில ஆளுக்கு ஒண்ணுல இவங்களைப் போட்டுப் பூட்டிக்கலாம்.”

ஹேண்டில்

கிளம்பும் நேரத்தில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லை. முன்னால் ஹேண்டில் போட்டுத்தான் சுற்ற வேண்டும். எட்டியப்பன் சுற்றினார், ராஜவேலு சீட்டில். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் ராஜவேலு ஆக்சிலரேட்டரை அமுக்க, ஹேண்டில் எதிர்ப்பக்கம் உதறி எட்டியப்பனைத் தள்ளிவிட்டது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். ராஜவேலு ஒரே தாவலில் குதித்து ஓடி வந்தார்.

“மச்சான்! கையி இன்னா ஆச்சு? காட்டு மச்சான்!”

எட்டியப்பன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். “கையி நல்லாத்தான் கீது. சொல்லிட்டு அமுக்கினா இன்னா? நாலு மாசமா வாயில இன்னாத்த வெச்சிக்கினு கீற?”

ராஜவேலுவுக்குக் கண் கலங்கியிருந்தது. குனிந்து மச்சானைத் தூக்கி நிறுத்தினார். அப்புறம் ‘சுத்து’, ‘இரு’, ‘இப்போ’ என்று இரண்டு பேரும் கத்திக் கத்தியே வண்டியைக் கிளப்பினார்கள்.

நாளைக்கே மெக்கானிக்கை அனுப்பி செல்ஃபைச் சரிசெய்து தருவதாகச் சொன்னேன். தனம் என்னைத் தள்ளிக் கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “உங்களுக்குப் புண்ணியமாப் போவும்ணா, அதை மட்டும் தொடாதீங்க.”

ஆக, ரிப்பேர் செய்ய மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து நான் விற்ற ஒரே வண்டி அதுதான்.