நாலாவது வெளிநாட்டுக்காரன்

அவுஸ்திரேலியத் தேசிய உதைபந்தாட்ட அணிக்கு ஆள் தேடி வந்த பெரியவர் ஒருவர், சுவிஸில் பாடன் நகரத்துக்கு வெளியே ஒரு மாட்டுப் புல்வெளியின் ஓரத்தில், எங்கள் ஆட்களின் கூடாரத்துக்குள் நின்று ரோல்ஸ் தின்றதை என் கண்ணால் பார்த்தேன். இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. எழுதினால் கொஞ்சம் பேராவது நம்புவார்கள் என்று நினைக்கிறேன். எழுத்தில் இருப்பதை நம்புவதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு பெர்லின், பாரிஸ், டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவுதல், லுசேர்ணில் இன்னொரு ஹோட்டலில் கோப்பை கழுவுதல் என்று திரிந்து, பாடனில் ஓர் உணவகத்தின் குசினிக்கு வந்து சேர்ந்தேன். மலை மாறியது, ஏரி மாறியது, கோப்பை மட்டும் மாறவில்லை. கைத்தோல் உரிந்து புதுத்தோல் வரும். அதுவும் உரியும். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

உணவகத்தின் முதலாளிதான் உள்ளூர் உதைபந்தாட்டக் கழகத்தின் தலைவரும். இரண்டாம் பிரிவில் ஆடுகிற கழகம். உணவகத்தின் மேல்மாடியில் வேலையாட்களுக்கு அறைகள் இருந்தன. ஒன்றில் நானும் எங்கள் ஊர் அண்ணை ஒருவரும் இருந்தோம். அண்ணை சலாட் வெட்டுபவர், ஆகவே என்னைவிட ஒரு படி மேலே. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இன்னும் மேலே போய்விடுவார். சுவிஸில் இருந்த எங்கள் ஊர் உதைபந்தாட்ட அணிக்கு அவர்தான் முகாமையாளர்.

அடுத்த அறையில் இருந்தவன் அவுஸ்திரேலியன். முதலாளியின் கழகத்துக்கு வந்த தொழில்முறை ஆட்டக்காரன். இடது பக்கத்தால் ஓடுபவன். தொழில்முறை ஆட்டக்காரன் என்றால் மாளிகையில் இருப்பான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவனுக்கும் எங்களுக்கும் ஒரே குளியலறை.

அவனுடைய பிரச்சினை எளிமையானது. அந்த நாட்களில் சுவிஸ் கழகம் ஒன்றில் மூன்று வெளிநாட்டுக்காரர்தான் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கலாம். கழகத்தில் ஒரு பிரேசில்காரன், ஒரு போலந்துக்காரன், ஒரு டென்மார்க்காரன் ஏற்கெனவே இருந்தார்கள். எங்கள் ஆள் நாலாவது. குசினியில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அங்கே எத்தனை வெளிநாட்டுக்காரரும் ஒன்றாக இறங்கி ஆடலாம், மாற்று ஆள் கேட்காமல் இரண்டு பாதியும் ஆடலாம்.

பயிற்சியாளர் அவனைக் கண்டபோதெல்லாம் "அடுத்த கிழமை" என்பார். எனக்கு அந்தச் சொல் பழக்கம். வெளிநாட்டவர் பொலிஸில் என் அகதி வழக்கைப் பற்றிக் கேட்டால் அவர்களும் அதையேதான் சொன்னார்கள். அவன் கோபப்பட்டான். எனக்கு அந்தக் கட்டம் எப்போதோ கடந்துவிட்டது.

அவன் வந்த வழியைத் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறான். அப்பா குரோவாசியாவிலிருந்து மெல்பேர்னுக்குப் போய்த் தொழிற்சாலையில் நின்றவர். அங்கே குரோவாசியர்களுக்கு ஒரு கழகம், கிரேக்கர்களுக்கு ஒரு கழகம், இத்தாலியர்களுக்கு ஒரு கழகம். சிறுவர் அணியில் சேர்வதற்குக் கால் எப்படி என்று கேட்பதற்கு முன் அப்பா எந்த ஊர் என்று கேட்பார்களாம். மற்ற அவுஸ்திரேலியர்களோ இந்த விளையாட்டையே வந்தேறிகளின் விளையாட்டு என்று தள்ளி வைத்துவிட்டு, முட்டை வடிவப் பந்தோடு ஓடினார்களாம். அங்கிருந்து மாநில இளையோர் அணி, பிறகு தலைநகரில் அரசாங்க விளையாட்டுப் பள்ளி, பிறகு ஒரு முகவர், பெல்ஜியத்தில் ஒரு கழகம், கடைசியில் எங்கள் குளியலறை. எனக்கு இந்தக் கதை வினோதமாகப் படவில்லை. முகவர் என்ற சொல்லை அவன் சொன்ன விதத்திலேயே எங்கள் இரண்டு பேரையும் ஒரே மாதிரி ஆள்தான் ஏற்றி அனுப்பியிருக்கிறான் என்று விளங்கிவிட்டது.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவுஸ்திரேலிய ஜேர்சியை ஒருமுறை போட வேண்டும். தேசிய அணியில் இடதுபக்க ஆள் ஒருவனுக்குக் காலில் காயம், அந்த இடம் காலி. அந்த அணிக்கு ஆள் எடுக்கிற தெரிவாளர் ஐரோப்பாவுக்கு வந்து ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டு போனார். முகவர் அவரிடம் எங்கள் ஆள் கிழமைதோறும் ஆடுகிறான் என்று அவிழ்த்துவிட்டிருந்தான். அந்தப் பெரியவரும் நம்பி, ஒரு சனிக்கிழமை பாடனுக்கு வந்துவிட்டார்.

அன்றும் பயிற்சியாளர் அவனை மாற்று வரிசையில்கூட வைக்கவில்லை. அவன் கோட்டுப் போட்டுக்கொண்டு பார்வையாளர் பகுதியில் இருந்தான். தெரிவாளருக்கும் அங்கேதான் இடம் கொடுத்தார்கள். உலகத்தின் மற்ற மூலையிலிருந்து ஒருவனின் ஆட்டத்தைப் பார்க்க வந்த மனிதர், அவனுக்குப் பக்கத்திலேயே இருந்து பிரேசில்காரனின் ஆட்டத்தைப் பார்த்தார்.

ஞாயிறு காலை அவன் குசினிக்குள் வந்து கோப்பியோடு நின்றான். தெரிவாளர் பின்னேர ரயிலில் ஜேர்மனிக்குப் போகிறார் என்றான். அங்கே இதே இடத்துக்கு இன்னொருவன் இருக்கிறானாம், அவன் ஒழுங்காகக் களத்தில் இறங்குகிறானாம். சலாட் வெட்டிக்கொண்டிருந்த அண்ணை, அவனுக்கு என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் கத்தியை வைத்துவிட்டு யோசித்தார். அன்றைக்குத்தான் எங்கள் ஆட்களின் சுற்றுப்போட்டி. எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் முதல் ஆட்டம். எங்கள் இடதுபக்க ஆளுக்கு ஹோட்டலில் லீவு கிடைக்கவில்லை.

"எங்களுக்கு ஒரு ஆள் குறையுது. இவனுக்கு ஒரு ஆட்டம் குறையுது," என்றார் அண்ணை. "அந்தக் கிழவனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லடா."

ஒப்பந்தப்படி அவன் வேறு எங்கேயும் ஆடக் கூடாது. கால் முறிந்தால் கழகம் கையை விரித்துவிடும், தேசிய அணியும் போய்விடும். நான் அதைச் சொன்னேன். அவன் மேலே போய்ப் பந்தடிக்கிற சப்பாத்தை எடுத்துக்கொண்டு வந்தான்.

எங்கள் சுற்றுப்போட்டிகளைப் பார்க்காதவர்களுக்கு ஒரு விளக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய ஒழுங்கையால் பிரிந்திருக்கிற இரண்டு ஊர்கள், சுவிஸுக்கு வந்தும் அந்த ஒழுங்கையைக் கூடவே கொண்டுவந்திருந்தன. ஓர் ஊரின் அணிக்கு அந்த ஊரில் பிறந்தவன் ஆடலாம், அந்த ஊரின் மருமகனும் ஆடலாம். வேறு யாரும் ஆடக் கூடாது. மருமகன் பற்றிய பகுதி பிறகு சேர்த்தது. ஏற்பாட்டுக் குழுத் தலைவரின் மகளைக் கட்டியவன் நன்றாகக் கோல் அடிப்பான்.

அவுஸ்திரேலியன் எங்கள் பச்சை ஜேர்சியோடு இறங்கியதும் ஆட்டம் நின்றது. ஆட்டம் தொடங்கவே இல்லை என்பதுதான் சரி. பக்கத்து ஊர்த் தலைவன் பந்தைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு குழுவின் மேசைக்கு நடந்தான்.

"உங்கட ஊரில எப்பயடா வெள்ளை பிறந்தது?"

"பிறக்கேல்லை," என்றார் அண்ணை. "எங்கட ஊர் மருமோன்."

"பொம்பிளை ஆர்?"

அண்ணை இதை எதிர்பார்த்திருக்கவில்லை. "பேச்சு நடக்குது," என்றார்.

"பேச்சு ஆரோட நடக்குது எண்டு கேக்கிறன்."

அண்ணையின் கண் தற்செயலாகக் கூடாரத்துப் பக்கம் போனது. அங்கே ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த எங்கள் ஊர் அக்காவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அவர் எண்ணெய்க் கரண்டியோடு வெளியே வந்தார்.

"தம்பி, பந்தடிக்க ஆளில்லையெண்டால் நீ இறங்கி அடி. என்ர பிள்ளையளை இதுக்குள்ள இழுத்தியெண்டால் இந்தக் கரண்டிதான்."

கூட்டம் சிரித்தது. குழு சிரிக்கவில்லை. குழு இருந்து யோசித்தது. ஒலிபெருக்கியில் இருந்தவர், இன்னும் சற்று நேரத்தில் நம் மண்ணின் மைந்தர்கள் மோதவிருக்கின்றார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மழை தூறியது. மைதானத்தின் ஒரு பக்கம் சரிவு. மாடுகள் வேலிக்கு மேலால் தலையை நீட்டின.

தெரிவாளர் என் பக்கத்தில் நின்றார். வெயிலில் கருகிய பெரிய முகம். அக்கா கொடுத்த உறைப்பு ரோல்ஸைத் தின்று கண்ணால் தண்ணீர் விட்டுக்கொண்டே இன்னொன்று எடுத்தார். ஏன் தொடங்கவில்லை என்று கேட்டார். என் ஆங்கிலம் கோப்பை கழுவுமிடத்து ஆங்கிலம். இவன் எந்த ஊர் என்று விசாரிக்கிறார்கள் என்றேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. தங்கள் நாட்டிலும் அதே கதைதான் என்றார். கிரேக்கக் கழகத்தில் வளர்ந்தவன் குரோவாசியக் கழகத்தில் வளர்ந்தவனுக்குப் பந்தைக் கொடுக்க மாட்டானாம். தேசிய அணியில் தன் வேலையில் பாதி, அவனைக் கொடுக்க வைப்பதுதானாம். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

கடைசியில் குழுத் தலைவர் எழுந்து தீர்ப்புச் சொன்னார். "மருமோன் எண்டு நிரூபிக்கேல்லை. விருந்தாளியைத் திருப்பி அனுப்பிறதும் வடிவில்லை. கோலுக்குள்ள நிக்கட்டும். கோலுக்குள்ள நிக்கிறவன் விளையாடுறதெண்டு இல்லைத்தானே, மறிக்கிறது மட்டும்."

இதைவிட மடத்தனமான தீர்ப்பை நான் அகதி விசாரணைகளில்கூடக் கேட்டதில்லை. இரண்டு ஊரும் சம்மதித்தன. நான் அவனிடம் போய், நீ பந்துக்காப்பாளர் என்றேன். அவன் என்னைப் பார்த்தான், தெரிவாளரைப் பார்த்தான், எங்கள் பந்துக்காப்பாளரின் ஈரக் கையுறையை வாங்கிப் போட்டான். ஒலிபெருக்கிக்காரர் அவனைக் கடல் கடந்து வந்த பந்துக்காப்பாளர் என்று அறிமுகப்படுத்தினார். அங்கே கடல் கடக்காமல் வந்தவை அந்த மாடுகள் மட்டும்தான்.

முதல் பந்து அவனுடைய இரண்டு காலுக்கும் நடுவால் போனது. "தேசிய அணியாம்," என்று பக்கத்து ஊர்க் கூட்டம் கத்தியது. அண்ணை கையை நெற்றியில் வைத்தார். அடுத்த பந்து அவன் காலடிக்கே உருண்டு வந்தது. அதைக் கையால் எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கையுறைகளைக் கழற்றிக் கோலுக்குள் எறிந்துவிட்டு ஓடத் தொடங்கினான்.

நான் பிறகு எத்தனையோ நாட்டில் எத்தனையோ ஆட்டம் பார்த்தேன், அப்படி ஓர் ஓட்டம் பார்த்ததில்லை. இடது கோட்டோரமாக, மேட்டுச் சரிவில், ஒருவர் பின் ஒருவராகப் பக்கத்து ஊர்க்காரரை விட்டுவிட்டுப் போனான். எங்கள் ஆட்களும் மற்றவர்களைப் போலவே நின்று பார்த்தார்கள். மூலைக்குப் போய்ப் பந்தைத் தூக்கி, எங்கள் முன்வரிசைக்காரனின் தலைக்குத் தட்டில் வைத்த மாதிரிக் கொடுத்தான். எங்கள் முன்வரிசைக்காரன் ஓர் ஆஸ்பத்திரியில் நிலம் துடைப்பவன், முந்தின நாள் முழுக்க வேலை. தட்டில் வந்ததை அவன் தோளால் வெளியே தள்ளினான். பக்கத்து ஊர்ப் பந்துக்காப்பாளர் பந்தை வைத்து ஓங்கி உதைத்தார். எங்கள் பக்கம் காலிக் கோல். அவர்களுடைய ஆள் ஒருவன் ஆறுதலாக நடந்துபோய் அடித்தான்.

"டேய், கோலுக்கை நில்லடா," என்று அண்ணை கத்தினார். அவனுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டான். திரும்பவும் ஓடினான். திரும்பவும் தட்டில் வைத்துக் கொடுத்தான். திரும்பவும் காலிக் கோலுக்குள் பந்து விழுந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எங்கள் ஊர் ஒரு கோல் விலை கொடுத்தது. "அவனை வெளியில எடு," என்று அண்ணை என்னிடம் சொன்னார். நான் தெரிவாளரைப் பார்த்தேன். அவர் ரோல்ஸைப் பாதியில் விட்டிருந்தார். நான் அசையவில்லை.

ஆட்டம் முடிய முன்பே அவர் ரயிலுக்குக் கிளம்பினார். அக்கா ஒரு பொதி கட்டிக் கொடுத்தார். தெரிவாளர் அவனுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போனார். எத்தனை கோலால் தோற்றோம் என்று நான் எழுதப் போவதில்லை. அண்ணை அன்று மாலையே, அவன் எங்கள் ஊர் இல்லை என்று எல்லாருக்கும் அறிவித்தார். அவன் பத்திரமாக இருந்த தன் இரண்டு காலையும் பார்த்துக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தான்.

சில கிழமைகளில் முதலாளியின் அலுவலகத்துக்குத் தொலைநகல் வந்தது. தேசிய அணியில் இடம். பயிற்சியாளர் அவனைத் தானே வளர்த்தெடுத்த மாதிரி உள்ளூர்ப் பத்திரிகைக்குப் பேசினார். முதலாளி அவனுடைய படத்தைப் பியர்க் குழாய்க்கு மேலே கொழுவினார். அவன் பறந்துபோனான்.

ஆட்டம் முடிந்து குசினித் தொலைபேசிக்கு எடுத்தான். விளையாடினாயா என்று கேட்டேன். கடைசியில் கொஞ்ச நேரம் என்றான். இடது பக்கம், ஜேர்சி கொஞ்சம் பெரிசு. அப்பா பார்த்தாராம், அழுதாராம். பந்து பெரிதாகக் கிடைக்கவில்லையாம். நடுவில் நின்றவன் அவன் பக்கம் திரும்பவே இல்லையாம். யார் அவன் என்றேன்.

"கிரேக்கக் கழகம்," என்றான். இரண்டு பேரும் சிரித்தோம்.

திரும்பி வந்தபோது பிரேசில்காரன், போலந்துக்காரன், டென்மார்க்காரன் மூவரும் நல்ல சுகத்தோடு இருந்தார்கள். "அடுத்த கிழமை," என்றார் பயிற்சியாளர். அவன் கோபப்படவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு பார்வையாளர் பகுதிக்குப் போனான்.

அடுத்த கோடை, சுற்றுப்போட்டிக்கு முன் பக்கத்து ஊர்த் தலைவன் எங்கள் குசினியின் பின்கதவைத் தட்டினான். அவுஸ்திரேலியனைக் கேட்டான். அவன் இப்போது தங்கள் ஊர் மருமகன் என்று குழுவில் பதிந்தாகிவிட்டதாம், தலைவரும் சம்மதமாம்.

"பொம்பிளை ஆர்?" என்று கேட்டார் அண்ணை, சலாட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

"அதைப் பிறகு பாப்பம்," என்றான் அவன்.

நான் மேலே போய்ச் சொன்னேன். அவுஸ்திரேலியன் எந்த ஊர் என்று கேட்கவில்லை. எந்த இடத்தில் ஆட வேண்டும் என்றுதான் கேட்டான்.